பட்டியலில் இல்லாத பையன்

கடலூரில் ஒரு பள்ளியில் கபடி சொல்லித்தருகிறேன். அணிக்கு 12 பேர், களத்தில் 7 பேர். வந்து நிற்பவர்களோ 30 பேர். முன்பெல்லாம் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு அறைக்குள் புகுந்துகொள்வேன். கோழைத்தனம்தான். ஒருமுறை தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், முழங்காலில் மஞ்சள் பற்று காயாமல், பட்டியலில் விரலை மேலிருந்து கீழாக மூன்று தடவை ஓட்டினான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது பட்டியல் ஒட்டுவதற்கு முந்தின நாளே, இடம் கிடைக்காதவர்களைத் தனித்தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் பேசுகிறேன். மழுப்பல் கிடையாது. "பாடிப் போகும்போது மூச்சு நிற்கிறது, கணுக்காலைப் பிடித்தால் பிடி நழுவுகிறது. மாலைப் பயிற்சிக்கு வா, சரிசெய்யலாம்" என்கிறேன். சிலர் அழுகிறார்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

முழங்கால் பையன் இவ்வருடம் அணியில் இடது மூலையில் நிற்கிறான்.