ஆடி 18-இல் தொடங்கி ஐப்பசியில் முடியும் தோட்டங்கள்

சென்னைப் புறநகர் அடுக்ககங்களில் ஆனி மாதம் பிறந்தாலே எங்காவது ஒரு காய்கறித் தோட்டக் குழு புதிதாக உருவாகிவிடுகிறது. கிளப் ஹவுஸுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடம், அசோசியேஷன் கொடுத்த கொஞ்சம் பணம், ஒரு வாட்ஸப் குழு. தெரிந்தவர்கள் மூலம் அவர்களுடைய திட்டம் எனக்கும் வந்து சேரும், “ஒரு பார்வை பாருங்க சார்” என்று. எங்கள் அடுக்ககத் தோட்டத்துக்கு நாங்கள் முதல் வருடம் போட்ட திட்டத்துக்கும் அதற்கும் அடுக்ககத்தின் பெயரைத் தவிர வித்தியாசம் இருக்காது.

தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், வெயில் விழும் இடமாகப் பாருங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன். பொதுத் தோட்டங்கள் பெரும்பாலும் எந்த மாதம் எதைச் செய்வது என்ற கணக்கைத் தவறவிட்டுத்தான் தோற்கின்றன. கீழே வரிசையாக வருபவை நான் பார்த்த தவறுகள். நான் சொல்வது சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துக் கணக்கு. கோவைக்காரர்களும் தென்காசிக்காரர்களும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தென்மேற்குச் சாரல் உண்டு. எங்களுக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான்.

ஆடி 18 அன்று எல்லா விதையையும் போட்டுவிடுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆடிப்பெருக்கு, ஆகஸ்ட் 2 அல்லது 3. பேனர் கட்டியாகிவிட்டது. செயலாளர் மண்வெட்டியைப் பிடித்தபடி போட்டோ. ஒவ்வொரு குழந்தை கையிலும் ஒரு விதைப் பாக்கெட். வெண்டை, தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை, நாலு வகைக் கீரை என்று இருக்கிற பாத்தி அத்தனையும் ஒரே காலையில் நிரம்பிவிடும். கேட்டால் “ஆடிப் பட்டம் தேடி விதை” என்பார்கள். பழமொழி பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தைத்தான் தேடச் சொல்கிறது, ஒரே ஒரு நாளை இல்லை. ஆடிப்பெருக்கே காவிரியில் புதுவெள்ளம் வருவதை ஒட்டிய கொண்டாட்டம். சென்னையில் அந்த வாரம் பகலில் 35 டிகிரி அடித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஓர் இடிமழை பெய்தால் உண்டு.

இப்போது நாளைக் கூட்டிப் பாருங்கள். வெண்டை விதைத்த 45-ஆம் நாள் வாக்கில் காய்க்கு வரும். ஆடி 18-இல் போட்டால் புரட்டாசி பிறக்கும்போது எல்லாச் செடியும் ஒன்றாகக் காய்க்கத் தொடங்கும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கவேண்டும், இல்லாவிட்டால் முற்றி நாராகிவிடும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு, அடுத்து நவராத்திரி, பாதி வீடு ஊருக்குப் போயிருக்கும். ஒரு வாரம் வாளி வாளியாக வெண்டை, வாங்க ஆளில்லை. செடியில் முற்றிய காய் நிற்க நிற்கப் புதுக் காய் குறையும். ஐப்பசி மழையில் மிச்சமும் போய்விடும்.

தக்காளி இன்னும் மோசம். 25 நாள் நாற்று, நட்டு ஒரு மாதத்தில் பூ. அதாவது பூக்கிற காலம் புரட்டாசி. சென்னையில் அப்போது இரவிலும் சூடு 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். தப்பித்துப் பிடித்த காய் பழுக்கிற நேரத்தில் அடைமழை. பழம் வெடிக்கும், அடியிலைகளில் புள்ளி விழுந்து மேலே ஏறும். உடனே குழுவில் யாராவது “நம்ம மண்ணு தக்காளிக்குச் சரிப்படாது” என்று தீர்ப்பு எழுதுவார்கள். மண் ஒரு பாவமும் செய்யவில்லை. கார்த்திகை நடுவில், தூறல் படாத தாழ்வாரத்தில் குழித்தட்டில் நாற்று விட்டு மார்கழியில் நட்டிருந்தால் அதே மண்ணில் மாசியில் பழம் பறித்திருக்கலாம். மார்கழி, தை இரவுகள் 21 டிகிரி பக்கம் இறங்கும். தக்காளி கேட்பது அதைத்தான்.

எல்லாவற்றையும்விட மோசம் அவரை விஷயம். பக்கத்து அடுக்ககத்தில் நடந்தது இது. ஆடியில் போட்ட நாட்டு அவரை, பந்தல் முழுக்கப் படர்ந்து கார்த்திகை வரை பூவே வைக்கவில்லை. நான் போய்ப் பார்த்த அன்று கொடியை அடியோடு அறுத்துக் குவித்திருந்தார்கள். தோட்ட வேலை செய்யும் அண்ணன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“ஏண்ணே அறுத்தீங்க?”

“நான் வேணாம்னுதான் சொன்னேன் சார். கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க. நாலு மாசமா வெறும் எலையா இருக்கு, கொசு அடையுதுன்னு சொல்லிட்டாங்க.”

அதே விதையைத்தான் அவர்களிடமிருந்து வாங்கி நாங்களும் போட்டிருந்தோம். மார்கழி பிறந்ததும் எங்கள் பந்தலில் ஊதாப் பூ கொத்துக் கொத்தாக எழுந்தது. பந்தலில் ஏறும் நாட்டு அவரைக்கும் மொச்சைக்கும் பகல்பொழுது குறைந்தால்தான் பூக்கத் தோன்றும். எவ்வளவு உரம் போட்டாலும் அது ஆவணியில் பூக்காது. பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் சேர்வது சும்மா இல்லை, அவை காய்க்கிற மாதம் அது. குத்துச் செடி அவரைக்கு இந்தக் கணக்கு கிடையாது, அது எந்த மாதம் போட்டாலும் காய்க்கும். பாக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கமிட்டிக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: தை வரைக்கும் கை வைக்காதீர்கள் என்று.

இந்தத் தவறுக்கு விலை அதிகம், இதில் போவது வெறும் விதைக் காசு இல்லை. ஒன்றாக விதைத்த தோட்டம் ஒன்றாகவே காலியாகும். மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் பார்த்தால் பாத்தியில் கோரைப் புல்தான் நிற்கும், கைவசம் ஒரு நாற்றுகூட இருக்காது. ஆர்வமாக வந்த இருபது பேரில் இரண்டு பேர் மிஞ்சியிருப்பார்கள். அடுத்த பொதுக்குழுவில் எவராவது எழுந்து, “அந்த இடம் வேஸ்டாத்தானே கிடக்கு, பேட்மிண்டன் கோர்ட் போடலாமே” என்பார். போட்டும் விடுவார்கள். அப்படிப் போன ஓர் இடத்தின் மேல் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடி 18 அன்று குழந்தைகள் விதைக்கட்டும், கால்வாசிப் பாத்தியில். பந்தல் வகைகளான அவரை, புடலை, பீர்க்கன், பாகல் ஆகியவற்றை ஆடி முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அப்போதே நாற்று விட்டால் ஒரு மாதம் கழித்து ஆவணியில் நடலாம், மழை தொடங்குவதற்குள் வேர் பிடித்துத் தண்டு கெட்டிப்பட்டிருக்கும். வெண்டையைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடுங்கள். ஒரு தவணைக்கு வீட்டுக்கு நாலு செடி போதும், வாளிக் கணக்கில் நிறையாது. சிறுகீரை 25 நாளில் பிடுங்கிவிடுகிற பயிர். அதை வாரத்துக்கு ஒரு வரிசையாகப் போட்டால் புரட்டாசி நடுவரை கீரை தீராது. அதற்குப் பிறகு கீரை விதைக்காதீர்கள், முதல் பெருமழையே விதையை அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் சேர்த்துவிடும். மீதிப் பாத்திகளைக் காய்ந்த இலை போட்டு மூடி கார்த்திகைக்கு வைத்திருங்கள். “ஏன் இது காலியா இருக்கு?” என்று தினம் ஒருவர் கேட்பார். கேட்கட்டும்.

புரட்டாசியில் வாய்க்கால் வெட்டாமல் இருப்பது

மழை வந்த பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. புரட்டாசியிலேயே பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்தி, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துவிடுங்கள். அது பார்க்கிங்குக்குள் வடிந்தால் தோட்டத்துக்கு எதிரிகள் பெருகுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் நம் ஞாபகத்தில் இருக்கின்றன. ஆனால் பந்தலைப் படுக்கவைப்பது தண்ணீர் இல்லை, காற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களையே சாய்த்துவிட்டுப் போனது. மூங்கில் பந்தலுக்கு மூலைக்கு ஒரு இழுகயிறு கட்டுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் பந்தல் மேலிருக்கும் நிழல்வலையைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது காற்றைப் பிடித்துப் பந்தல் காலையும் சேர்த்துப் பிடுங்கும்.

மழைக்கு நடுவில் வெயில் அடிக்கும் ஒரு நாளில் கத்தரியும் மிளகாயும் துவண்டு நிற்கும். பார்த்ததும் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், சொதசொதவென்று இருக்கும். வேருக்குக் காற்று இல்லாமல்தான் செடி துவள்கிறது. தேங்கிய நீரை வெளியேற்றி, மண்ணை லேசாகக் கிளறிவிடுவதுதான் வைத்தியம். மழையில் சத்தும் அடித்துப் போயிருக்கும், இலை வெளுக்கும். மழை விட்டபின் செடிக்கு இரண்டு கை மண்புழு உரம் கொடுங்கள். கொட்டுகிற மழையில் கொடுத்த உரம் வடிகாலுக்குத்தான் போய்ச்சேரும்.

மார்கழியில் கண்டதையும் தெளிப்பது

பனி இறங்கியதும் அவரைக் கொழுந்தில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி கறுப்பாக அப்பும். வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு மருந்து வரும்: பஞ்சகவ்யா, மோர், இஞ்சி பூண்டுக் கரைசல், சாம்பல், மஞ்சள்தூள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தெளித்த தோட்டத்தையும் பார்த்திருக்கிறேன். முதலில் மோசமான நுனிகளைக் கிள்ளி எடுங்கள். மற்ற இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி கொட்டிவிடும். அப்புறமும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கிவிட்டுத் தண்ணீரில் சேர்க்கவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து, கடைசியில் தெளிக்கிற செடியின் இலை கருகும். தெளிப்பது சாயங்காலம்தான்.

அசுவினிக் கூட்டத்துக்குள் கறுப்பும் ஆரஞ்சுமாகச் சின்ன முதலை மாதிரி ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். அது பொறிவண்டின் புழு. அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. புதிதாக வருபவர்கள் முதலில் நசுக்குவது அதைத்தான், பார்க்கப் பயமாக இருக்கிறதாம். அந்தப் புழு நிறைய இருந்தால் எதையும் தெளிக்காதீர்கள், ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். செடியில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை அண்டவிடாது.

கத்தரியின் வாடிய நுனியை விட்டுவைப்பது

கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே புழு இருக்கும். அந்த நுனியைக் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். அடுத்து அந்தப் புழு காய்க்குள் போகும்.

சாஃப்ட்னர் தண்ணீர்

வேண்டாம். கடின நீரை மென்மையாக்க உப்புப் போட்டு இயங்கும் சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் சோடியம் இருக்கும், அது மண்ணை இறுக்கிவிடும். ஆர்.ஓ. கழிவு நீரும் அப்படியே பாய்ச்ச ஏற்றதில்லை. தோட்டத்துக்கு மழைநீர்த் தொட்டியிலிருந்தோ, சாஃப்ட்னருக்கு முந்திய குழாயிலிருந்தோ தனி இணைப்பு கேளுங்கள்.

எரு

குவியலுக்குள் கையை விடுங்கள். சூடாக இருந்தால் இன்னும் மட்கவில்லை, பாத்திக்கு ஆகாது.

சித்திரையில் பூட்டிவிட்டுப் போவது

மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கும். அதற்கு முன்பே பள்ளி விடுமுறை, ஆளுக்கொரு ஊர். திரும்பி வந்து பார்க்கும்போது மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பாத்தியை மொட்டையாக விட்டதுதான் காரணம். கோடையில் காய் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மண்ணை மட்டும் மூடிவையுங்கள். தை, மாசியில் உதிரும் இலையை ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றாதபடி பார்த்துக்கொண்டால் மூடாக்குக்குக் காசே செலவாகாது. வைகாசியில் கோடை மழை ஒன்று கிடைத்ததும் காலிப் பாத்திகளில் தழையுரப் பயிரான தக்கைப்பூண்டு விதையைத் தூவுங்கள். பூக்கிற பருவத்தில், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணோடு கலந்துவிட்டால் ஆடி விதைப்புக்குள் மட்கிவிடும். ரொம்பப் பேர் பூ அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். தண்டு முற்றிவிட்டால் மட்கவே மட்காது.

செடி நிற்கிற பாத்தியில் மாவுப்பூச்சியைப் பார்க்க வாரம் ஒருவராவது வேண்டும். ஊருக்குப் போகாத நாலு வீட்டைப் பங்குனியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழாய்ப்பூட்டின் சாவி யாரிடம் என்பதையும்.

பறித்ததை எழுதாமல் விடுவது

கதவருகே ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. “பி பிளாக்காரங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறாங்க” என்ற சண்டைக்கு வேறு மருந்து கிடையாது.

விதைக்கு மிச்சக் காயை விடுவது

பருவம் முடிந்து, யாரும் பறிக்காமல் தொங்கும் கோணல் காய்களை விதைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. தையில் அவரை நன்றாகக் காய்க்கும்போதே, நோய் இல்லாத கொடியில், நடுப்பருவத்துக் காயில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள். குழந்தைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் யாரும் தெரியாமல் பறிக்கமாட்டார்கள், அவர்களே காவல். கொடியிலேயே காய்ந்து சலசலக்கும்போது எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி டப்பாவில் அடைக்கலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது. டப்பாவின் மேல் பெயரோடு, பந்தலா குத்துச் செடியா என்பதையும் பூக்கும் மாதத்தையும் எழுதிவையுங்கள். அடுத்த வருடக் கமிட்டியில் வேறு ஆட்கள் இருப்பார்கள்.