பழைய புரொஜெக்டர்ல பிசிபி எக்ஸ்போஸ் பண்றது எப்படி

பிசிபின்னா எலெக்ட்ரானிக் பார்ட்ஸை இணைக்குற காப்பர் போர்டு. அது மேல டிரை ஃபிலிம் (வெளிச்சம் பட்டா கெட்டியாகுற ஷீட்) ஒட்டி, சர்க்யூட் படத்தை புரொஜெக்டரால அதுல விழ வைக்கிறது தான் எக்ஸ்போஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ பர்மா பஜார்லயோ பழைய புரொஜெக்டர் பாத்தா டிஎல்பியா (குட்டிக் குட்டிக் கண்ணாடியால படம் காட்டுற டைப்), லேம்ப் வச்சதான்னு மட்டும் கேட்டுக்கோங்க. எல்சிடி வேணாம், உள்ள இருக்குற போலரைசர் யூவியை விடாது. எல்இடி மாடலும் வேணாம். பழைய மெர்க்குரி லேம்ப்ல தான் 405, 436 நானோமீட்டர்ல நல்ல வெளிச்சம் வரும், டிரை ஃபிலிமுக்கு அதுல 405 தான் முக்கியம்.

உள்ள சுத்துற கலர் கண்ணாடி சக்கரம், அதாவது கலர் வீல், அந்த வெளிச்சத்தை நிறைய முழுங்கிடும். கழட்டிப் போட்டா புரொஜெக்டர் ஆன் ஆகாது, வீல் சுத்துதான்னு சென்சார் பாத்துட்டே இருக்கும், அதனால வயரோட அப்படியே தள்ளி வச்சு வெளிய சுத்த விடுங்க. இதெல்லாம் பிளக்கைப் புடுங்கிட்டு தான், லேம்புக்கு கரண்ட் குடுக்குற பேலஸ்ட் சர்க்யூட்ல இருக்குறது ஹை வோல்டேஜ். ஆன்ல இருக்கறப்ப லென்ஸ்க்குள்ள எட்டிப் பாக்கவே கூடாது.

அடுத்து சைஸ். 1024 x 768 மாடல்ல ஒரு பிக்சல் 0.1 மிமீ வர்ற மாதிரி வச்சா 10.2 x 7.7 செமீ போர்டு கிடைக்கும். படம் அவ்ளோ சின்னதாகணும்னா ஃபோகஸ் ரிங்கோட ஸ்டாப்பரை எடுத்துட்டு லென்ஸை வெளிய திருகுங்க. டிராக் (போர்டுல வர்ற காப்பர் கோடு) 0.4 மிமீக்கு கீழ போகாதீங்க, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி வரும். கோணலா விழுற படத்தை நேராக்குற கீஸ்டோன் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. புரொஜெக்டரைக் குப்புற தொங்க விட்டா லேம்ப் சூடாகும், அதைப் படுக்க வச்சுட்டு போர்டை நிமித்தி நிறுத்துறது தான் ஈஸி.

காப்பரை ஸ்கிரப்பர் போட்டுத் தேச்சு, டிரை ஃபிலிமோட உள் லேயரை உரிச்சு அயர்ன் பாக்ஸால ஒட்டுங்க, ரூம்ல மஞ்ச பல்பு மட்டும். ராயபுரம் காசிமேடு பக்கம்னா கடக்காத்து ஈரத்துக்கு ஃபிலிம் சரியா ஒட்டாது, போர்டை முதல்ல லேசா சூடு பண்ணிக்கோங்க. ஃபோகஸ் பண்றதை ஃபிலிம் இல்லாத போர்டுல முடிச்சுடுங்க.

படத்துல டிராக் வெள்ளை, மத்ததெல்லாம் கருப்பு, பாட்டம் லேயரை (போர்டோட அடிப்பக்க டிராக்) இடம் வலமா மிரர் பண்ணிடணும். எவ்ளோ நேரம் வெளிச்சம் காட்டணும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, லேம்புக்கு லேம்பு மாறும். ஃபிலிம் ஒட்டின வேஸ்ட் போர்டை அட்டையால மறைச்சு, அதை ரெண்டு ரெண்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா நகத்தி டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுங்க, எந்தப் பட்டை நல்லா வருதோ அது தான் உங்க நேரம். டிஎல்பி கருப்புலயும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், ரொம்ப நேரம் விட்டா டிராக்குக்கு நடுவுலயும் ஃபிலிம் கெட்டியாகிடும்.

மேல் ஷீட்டை உரிச்சுட்டு லிட்டருக்கு 10 கிராம் வாஷிங் சோடா கரைச்ச தண்ணில டெவலப் பண்ணுங்க, வெளிச்சம் படாத ஃபிலிம் கரைஞ்சுடும், அப்புறம் வெளிய தெரியுற காப்பரைக் கரைக்க ஃபெரிக் குளோரைடு. கடைசியா காஸ்டிக் சோடால ஃபிலிம் கழண்டுடும், கிளவுஸ் கண்டிப்பா போடுங்க. மிச்ச ஃபெரிக் குளோரைடை சாக்கடைல ஊத்தாதீங்க, எண்ணூர் கழிமுகம் ஏற்கனவே படுற பாடு போதும்.

நம்ம ஏரியா கரண்ட்டை நம்பி லேம்ப் போடுறவங்க யூபிஎஸ் வச்சுக்கோங்க, திடீர்னு கட்டாகி ஃபேன் நின்னா லேம்ப் சீக்கிரம் போயிடும்.