எஃப்1 கார்களில் தில்லுமுல்லு: சந்தேகப்படும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், 2023 பந்தயம் பேச்சில் வந்துவிடும். அந்த ஆண்டு நடந்த 22 பந்தயங்களில் ரெட் புல் அணி 21-ஐ வென்றது. தோற்ற ஒரே இடம் நம் சிங்கப்பூர்த் தடமான மரினா பே. தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் அதன் ஓட்டுநர்கள் வெர்ஸ்டாப்பன் 11வது, பெரெஸ் 13வது. தொடர்ந்து பத்துப் பந்தயங்களில் ஜெயித்து வந்த வெர்ஸ்டாப்பன் ஐந்தாவதாக முடிக்க, ஃபெராரியில் சைன்ஸ் வென்றார். அதே வாரம்தான் வளையும் விங்குகளை (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை போன்ற பாகங்கள்; வேகத்தில் வளைந்தால் காற்றுத் தடை குறையும்) கட்டுப்படுத்தும் டிடி018 என்ற தொழில்நுட்ப உத்தரவு நடைமுறைக்கு வந்தது. பிறப்பித்தது பந்தயத்தை நிர்வகிக்கும் எஃப்ஐஏ. அவ்வளவுதான். "உத்தரவு வந்தது, கார் படுத்துவிட்டது, அப்படியென்றால் இத்தனை நாளும் ஏமாற்றித்தான் ஜெயித்திருக்கிறார்கள்" என்று அன்றிரவே முடிவு கட்டியவர்கள் பலர் இன்றைக்கும் அதிலேயே நிற்கிறார்கள்.

சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. யார் எந்த விதியில் எந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார் என்று தேடுவது இந்த விளையாட்டில் பாதி சுவாரசியம். ஆனால் சந்தேகத்திலிருந்து தீர்ப்புக்கு ஒரே தாவாகத் தாவும்போது, ராத்திரி பகலாக உட்கார்ந்து விதியைப் படித்து வேலை செய்த ஒரு பொறியாளரும் உண்மையிலேயே விதியை மீறிய ஒருவரும் நம் வாயில் ஒன்றாகிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

முதல் தவறு, ஒரே ஒரு பந்தயத்தை வைத்து முடிவு செய்வது. 2023-இல் சிங்கப்பூருக்கு அடுத்து ஜப்பானின் சுசுகா. உத்தரவு அங்கேயும் அமலில் இருந்தது. வெர்ஸ்டாப்பன் அரை விநாடிக்கும் மேலான வித்தியாசத்தில் போல் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்து, 19 விநாடி இடைவெளியில் ஜெயித்தார். நீளமான நேர்ப்பாதை கொண்ட லாஸ் வேகஸிலும் அவர்தான். வளையும் விங் பறிபோனதுதான் காரணம் என்றால் அடி அங்கே அல்லவா பலமாக விழுந்திருக்க வேண்டும்? காற்று ஒரு விங்கை அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 300-இல் ஒன்பது மடங்கு. ஆக, விங் வளைந்து கொடுப்பதால் கிடைக்கும் லாபம் அதிவேக நேர்ப்பாதையில்தான் அதிகம். மரினா பே அப்படிப்பட்ட தடமே இல்லை. மெதுவான திருப்பங்கள், மேடுபள்ளமான நகரச் சாலை, ஏறி இறங்க வேண்டிய கெர்புகள் (தட ஓரத்து மேடுகள்). தரையை ஒட்டி ஓடினால்தான் பலம் காட்டும் ஒரு காரை இங்கே உயர்த்தித்தான் ஓட்ட முடியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2025 வரை வெர்ஸ்டாப்பன் சிங்கப்பூரில் ஜெயித்ததே இல்லை, எந்த உத்தரவும் பேச்சில் இல்லாத ஆண்டுகளையும் சேர்த்துத்தான்.

அதே கணக்கை 2024-இல் போட்டுப் பாருங்கள். அஜர்பைஜானின் பாகுவில் மெக்லாரன் ஓட்டுநர் பியாஸ்ட்ரி ஜெயித்த பிறகு, மெக்லாரனின் பின் விங்கில் மேல் மடலின் முன்விளிம்பு வேகம் கூடக்கூட லேசாக மேலே எழுவதும், இரண்டு மடல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி விரிவதும் பின்பக்கம் பார்க்கும் கேமராவில் பளிச்சென்று தெரிந்தன. டிஆர்எஸ் (காற்றுத் தடையைக் குறைக்க ஓட்டுநர் பின் விங்கின் மடலைத் திறக்க 2025 வரை இருந்த வசதி) பொத்தானை அழுத்தாமலேயே கொஞ்சம் டிஆர்எஸ் கிடைத்த மாதிரி. எஃப்ஐஏவோடு பேசிய பிறகு, எல்லா சோதனைகளிலும் தேறிய விங்தான், இருந்தாலும் மாற்றித் தருகிறோம் என்று மெக்லாரன் சொன்னது சிங்கப்பூர் வாரத்தில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அதே அணியின் நோரிஸ் 20 விநாடிக்கும் மேல் முன்னால் வந்து இங்கே ஜெயித்தார். இதை வைத்து "அந்த விங்கால் பயனே இருந்ததில்லை" என்று சொன்னால் அதுவும் தப்பு, ஏனென்றால் அது குறைந்த டவுன்ஃபோர்ஸ் (காரைக் கீழே அழுத்தும் காற்று விசை) போதுமான தடங்களுக்கான விங், இங்கே மாட்டப் போவதே இல்லை. 2021-இல் ரெட் புல்லின் பின் விங்குக்காகச் சோதனையைக் கடுமையாக்கிய பிறகு பிரான்ஸில் ஜெயித்தவர் வெர்ஸ்டாப்பன். 2025-இல் ஸ்பெயினிலிருந்து முன் விங் சோதனை இறுகியது, அங்கே மெக்லாரன் முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. உத்தரவு வந்ததும் ஒரு அணி சரிந்துவிடும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்த கதைதான் அதிகம்.

அப்புறம் இந்த வளைவு விவகாரத்தையே பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். விதியே அனுமதிக்கும் சில மடல்களைத் தவிர, காற்றியக்கப் பாகங்கள் உறுதியாகப் பொருத்தப்பட்டு அசையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அறவே வளையாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அதனால் எவ்வளவு வளையலாம் என்பதை ஒரு சோதனை முடிவு செய்கிறது: நிற்கும் காரில், விங்கின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எடையை ஏற்றி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளப்பார்கள். முன் விங்கில் இரண்டு பக்கமும் சமமாக எடை ஏற்றும்போது 15 மில்லிமீட்டர் வரை இருந்த அனுமதி, ஸ்பெயின் 2025 முதல் 10 ஆனது. கார்பன் இழைகளை எந்தக் கோணத்தில் அடுக்கினால் சோதனை எடைக்கு விறைப்பாக நின்று ஓடும்போது காற்றுக்கு வளைந்து கொடுக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அணிகளின் வேலை. எஃப்ஐஏவுக்கும் இது தெரியும், அதனால்தான் ஓடும்போது அசைவதாகச் சந்தேகம் வந்தால் புதுச் சோதனை கொண்டுவரும் உரிமையை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. விங்கில் புள்ளிகளை ஒட்டி, கேமராவில் அவை எவ்வளவு நகர்கின்றன என்றும் பார்க்கிறது. ஆகவே "வளைகிறது, எனவே சட்டவிரோதம்" என்பதும் தப்பு, "சோதனையில் தேறியது, எனவே பேச்சே இல்லை" என்பதும் தப்பு.

இணையத்தில் சுற்றும் பத்து விநாடிக் காணொளியை மட்டும் நம்பாதீர்கள். கேமராவும் அதே அதிர்வில்தான் ஆடுகிறது. இரண்டு கார்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில்தானா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

தொழில்நுட்ப உத்தரவைத் தண்டனையாகப் படிப்பது அடுத்தது. உத்தரவு என்பது விதியை எஃப்ஐஏ எப்படிப் புரிந்துகொள்கிறது, எப்படிச் சோதிக்கப் போகிறது என்ற விளக்கம். விதி மீறப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பந்தய நடுவர்கள். பல உத்தரவுகள் பிறப்பதே போட்டி அணி அனுப்பும் கேள்வியால்தான். "நாங்கள் இப்படி ஒன்று செய்யலாமா?" என்று அப்பாவியாகக் கேட்பார்கள், அந்த யோசனை எதிராளியின் காரில் ஏற்கெனவே இருக்கிறது என்ற சந்தேகத்தில். இந்த அரசியலைக் கணக்கில் எடுக்காமல் அணித் தலைவர்கள் தொலைக்காட்சியில் சொல்வதை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருவது சரியில்லை.

விதிமீறல் வேறு, ஏமாற்று வேறு. 2021 பிரேசிலில் ஹாமில்டனின் பின் விங்கில் டிஆர்எஸ் திறந்தபோது இடைவெளி 85 மில்லிமீட்டர் வரம்பைத் தாண்டியது, தகுதிச் சுற்றிலிருந்து நீக்கினார்கள். வேண்டுமென்றே செய்ததாக நடுவர்கள் சொல்லவில்லை. அதே ஆண்டு ஹங்கேரியில் வெட்டலின் காரிலிருந்து சோதனைக்கு ஒரு லிட்டர் எரிபொருள் எடுக்க முடியவில்லை, இரண்டாவது இடம் போனது. 2024 ஸ்பாவில் ரசல் ஜெயித்தபின் கார் 1.5 கிலோ எடை குறைவு என்று வெற்றி பறிபோனது. மூன்றுமே தெளிவான மீறல்கள், தண்டனையும் சரி. ஆனால் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று அழைக்க அது போதாது. மறுபக்கம், 2020-இல் மெர்சிடிஸ் கொண்டுவந்த டிஏஎஸ்-ஐப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தால் முன் சக்கரங்களின் கோணம் மாறும். ரெட் புல் புகார் கொடுத்தது, நடுவர்கள் தள்ளுபடி செய்தார்கள், 2021-க்கான விதியில் எஃப்ஐஏ அதைத் தடுத்துவிட்டது. பின்னால் தடை செய்ததால் முன்னால் செய்ததும் குற்றம் என்று ஆகாது.

எல்லாவற்றிலும் சிக்கலானது 2019 ஃபெராரி. இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய விதி, அதை அளக்க ஒரு மீட்டர். மீட்டர் அளக்கும் தருணங்களுக்கு நடுவே கூடுதலாக எரிபொருளைச் செலுத்த முடியுமா என்பதுதான் ரெட் புல் எழுப்பிய கேள்வி. உத்தரவுகள் வந்தன. 2020 தொடக்கத்தில் எஃப்ஐஏவும் ஃபெராரியும் ரகசிய உடன்பாடு செய்துகொண்டன. மற்ற இன்ஜின்களில் ஓடிய ஏழு அணிகள் கொதித்தன. தங்களுக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் மீறலை ஐயமற நிரூபிக்க முடியவில்லை என்று எஃப்ஐஏவே சொன்னது. அந்த ஆண்டு ஃபெராரி ஆறாவது. இங்கே சந்தேகத்துக்கு வலு இருக்கிறது, தீர்ப்புதான் இல்லை. "நிரூபிக்கவில்லை, எனவே சுத்தம்" என்று அடித்துச் சொல்லும் ரசிகரும் அவசரப்படுகிறார். அந்த உடன்பாட்டை மூடி வைத்தது ரசிகர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அதைக் காட்டி 2019 சிங்கப்பூர் வெற்றியையும் திருட்டு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. இங்கே இன்ஜின் பலம் அவ்வளவாக எடுபடாது, ஃபெராரி புது மூக்குப் பகுதியோடு வந்தது, அப்போது ஃபெராரியில் இருந்த வெட்டல் டயர் மாற்ற முன்கூட்டியே பிட்டுக்கு வந்து அணித்தோழர் லெக்லேரைத் தாண்டினார். அதுதான் அவருடைய கடைசி வெற்றியும்.

2026 சீசனுக்கு முன்பே அடுத்தது கிளம்பியது. இன்ஜினின் அழுத்த விகிதத்துக்கு (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு; கூடினால் பலம் கூடும்) இருந்த வரம்பு 18-இலிருந்து 16 ஆகக் குறைந்தது, அப்போது அதை அளந்தது சுற்றுப்புற வெப்பநிலையில். சூடானால் உலோகம் விரியும், ஓடும்போது விகிதம் கூடும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்று பேச்சு, மெர்சிடிஸின் பெயர் அடிபட்டது. விதியின் வாசகம் அளவீட்டைப் பற்றி என்ன சொல்கிறது, யார் கேள்வி எழுப்பினார்கள், நடுவர்கள் முன் புகார் போனதா, அளக்கும் முறை மாறினால் எந்தத் தேதியிலிருந்து, அதன் பிறகு ஒன்றல்ல, நாலைந்து தடங்களில் என்ன நடந்தது: இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள், விடிய விடியப் பேசலாம்.