உப்பளத்தில் காட்டுச் சட்டை: பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்தால் குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்கும் மணக்குடிக் காயலுக்கும் வலசைப் பறவைகள் வந்துசேரும். கூடவே, கரும்பச்சைத் திட்டுப் போட்ட சட்டையோடு கேமராக்காரர்களும் வருகிறார்கள். சட்டை நம்மை மறைத்துவிடும் என்று நம்பி நெருங்குகிறார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடுகிறது. நெடுந்தூரம் பறந்து களைத்து வந்த பறவையை இரைமேயவிடாமல் எழுப்புவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதல் தவறு, இடம் பார்க்காமல் துணி எடுப்பது. வெளுத்த உப்புப் பாத்தி நடுவே கரும்பச்சை, வெள்ளைத் தாளில் கொட்டிய மை போலத் தெரியும். அங்கே வெளிறிய மண் நிறம்தான் சரி. ரப்பர் தோட்டத்துக்கும் ஒரே சட்டை ஆண்டு முழுவதும் பொருந்தாது. தை மாத வாக்கில் இலையுதிர்ந்து அதே தோட்டம் பழுப்பாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, நெருக்கமான சின்னச் சின்ன இலைகள் அச்சிட்ட துணியை வாங்குவது. கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது அசல் புதர் போலவே இருக்கும். ஐம்பது அடி தள்ளிப் போனால் எல்லாம் கலந்து ஒரே இருட்டு நிறமாகி, தலை, தோள், கை என்று மனித உருவம் அப்படியே எழுந்து நிற்கும். உருவத்தின் விளிம்பை உடைப்பது, வெளிச்சமும் இருளுமாக மாறி வரும் பெரிய திட்டுகள்தான். 1990களில் கனடா ராணுவம் சீருடைக்காகக் கணினியில் உருவாக்கிய மறைப்பு வடிவமும், 2022 ஜனவரி 15 அன்று நம் ராணுவம் அறிமுகப்படுத்திய புதிய சீருடையும் சின்னஞ்சிறு கட்டங்களால் ஆனவை. சதுரம் என்பதில் மாயம் எதுவும் இல்லை. அந்தக் கட்டங்கள் கூடிப் பெரிய திட்டுகளாகின்றன: கிட்டே கட்டங்கள் இலைதழையின் சொரசொரப்பைக் காட்டும், எட்ட நின்றால் திட்டுகள் உருவத்தைக் கலைக்கும். துணியை வேலியில் தொங்கவிட்டு, தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். ஒரே கட்டியாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ராணுவச் சீருடையின் வடிவத்தையே தேடிப் பிடித்து அணிவதும் வேண்டாம்; அது படைவீரர்களுக்கு உரியது.

வெண்மையூட்டி கலந்த சலவைத்தூளில் துவைக்கக் கூடாது. அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும். நிழலில் துணி மினுங்கும். முகமும் கையும் வியர்வையில் பளபளப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடிக்கொள்ள ஒரு துண்டு போதும்.

கீரிப்பாறை, கோதையாறு காட்டுப் பக்கம் போகும்போது ஒளிந்து நிற்கும் ஆசையே வேண்டாம். யானை நம்மை மோப்பத்தால் அறியும். நாம்தான் அதைக் காணாமல் அருகில் போய்விடுவோம்.

கடைசியாக, அசைவு. தேரூர் குளத்தங்கரையில் மடையான் என்னும் குளத்துக் கொக்கு உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்தில் பழுப்புக் கோடுகள், முதுகில் சேற்று நிறம்; நான்கு அடிக்குள் வந்தும் எனக்குத் தெரியவில்லை. அது சிறகை விரித்த நொடியில் வெள்ளை வெளேரென்று குளம் முழுவதற்கும் தெரிந்தது. கேமராவைத் தூக்கும் நம் கையும் பறவைக்கு அப்படித்தான் தெரிகிறது. கரைமேல் வானம் பின்னணியாக நிற்காமல், பனைமூட்டின் நிழலில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கையை மிக மெதுவாக உயர்த்துங்கள்.