அச்சே தெங்கா: ஒரு இந்தோனேசிய மலை மாவட்டத்தை எப்படி புரிஞ்சுக்கறது

காப்பி பாக்கெட்டுல "காயோ"ன்னு போட்டிருக்கும், அதைப் பார்த்துட்டு அது ஒரு மாவட்டம்னு நினைச்சு மேப்ல தேடுவாங்க, கிடைக்காது. காயோங்கறது சுமத்ராவோட வடக்கு மலையில வாழற ஜனங்களோட பேரு, அவங்க பேசற மொழியும் அதேதான். சர்க்கார் கணக்குல அந்த மலை மூணு கபுபாத்தென்ல, அதாவது மூணு மாவட்டத்துல கிடக்கு: அச்சே தெங்கா, பெனெர் மெரியா, காயோ லுவெஸ். நீங்க படிக்கப் போறீங்களோ, காப்பி வாங்கப் போறீங்களோ, சும்மா ஊர் பார்க்கப் போறீங்களோ, முதல்ல இந்த மூணுல எதைப் பத்தி பேசறோம்னு முடிவு பண்ணிக்கோங்க. நான் இங்க அச்சே தெங்காவை எடுத்துக்கறேன்.

எல்லைக்கோட்டை அப்புறம் பார்க்கலாம், முதல்ல உயரத்தைப் பாருங்க. தலைநகர் தக்கெங்கோன், அதை ஒட்டி லவுத் தவார் ஏரி, கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,200 மீட்டர்ல இருக்கு. "தவார்"னா நல்ல தண்ணி, நல்ல தண்ணிக் கடல்னு பேரு வச்சிருக்காங்க. டெப்பிக்னு ஒரு சின்ன மீன், இந்த ஏரியை விட்டா வேற எங்கயும் கிடையாது. ஏரித் தண்ணி பெயுசங்கான் ஆறா இறங்கி வடக்கே பிரெயுவென் பக்கமா கடலுக்குப் போகுது, அங்கேர்ந்து மலையேறி வர்ற ரோடு சுமார் 100 கிலோமீட்டர். ஏரியைச் சுத்தி சமதளத்துல நெல்லு, அதுக்கு மேல சரிவுல அராபிகா காப்பி, தெற்கே லிங்கே பக்கம் போனா பைன் காடு, அதுல பிசின் எடுக்கறாங்க. இவ்ளோ மனசுல நின்னாலே மாவட்டத்துல பாதி புரிஞ்ச மாதிரி.

அடுத்து நிர்வாகம். கபுபாத்தெனோட தலைவர் புப்பாத்தி. அவர் நம்ம கலெக்டர் மாதிரி மேலேர்ந்து அனுப்பி வச்ச அதிகாரி இல்ல, இந்தோனேசியாவுல 2005-லேர்ந்து ஜனங்களே நேரா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்க. அவருக்குக் கீழ கெச்சாமத்தான், நம்ம ஊரு வட்டம் மாதிரி, அதைப் பார்த்துக்கறவர் சாமாத், இவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. அதுக்கும் கீழ ஊர். நாட்டுல மத்த இடத்துல இதை தேசான்னு சொல்வாங்க, இங்க கம்போங், அதோட தலைவர் ரெஜெ, இவரும் ஓட்டுல வர்றவர்தான். 2015-லேர்ந்து மத்திய சர்க்கார் ஊருக்குன்னு தனியா தானா தேசாங்கற நிதி தர்றதால ரெஜெ கையில நிஜமாவே காசு இருக்கு, தோட்டத்துக்குப் போற சின்ன ரோடு யாரு போட்டாங்கன்னு கேட்டா பல சமயம் பதில் அங்கதான் இருக்கும். கிளர்ச்சிக்காரங்களோட சர்க்கார் போட்ட 2005 ஹெல்சிங்கி சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் அச்சே மாகாணத்துக்கு 2006-ல தனிச் சட்டம் வந்துச்சு, உள்ளூர் சட்டத்துக்கு இங்க கானூன்னு பேரு. இந்த வார்த்தைகளை காகிதத்துல பார்த்தா பயந்துடாதீங்க.

எண்ணிக்கை வேணும்னா பி.பி.எஸ்., அதாவது அவங்க புள்ளிவிவர ஆபீஸ், ஒவ்வொரு கபுபாத்தெனுக்கும் வருஷா வருஷம் "டாலம் அங்கா"ன்னு ஒரு புத்தகம் போடுது, கெச்சாமத்தானுக்கும் தனித்தனியா வரும், இலவசமா டவுன்லோட் பண்ணலாம். ஆனா மூணு விஷயத்துல ஏமாந்துடுவோம். 2024 புத்தகத்துல இருக்கறது பெரும்பாலும் 2023 கணக்கு. பெனெர் மெரியா 2003-ல அச்சே தெங்காவுலேர்ந்து பிரிஞ்சது, அதனால அதுக்கு முந்தின வருஷத்தோட ஒப்பிட்டா காப்பி நிலம் திடீர்னு காணாமப் போன மாதிரி தெரியும், எதுவும் காணாமப் போகல. அப்புறம் காப்பி நிலத்தை இன்னும் காய்க்காத இளஞ்செடி, காய்க்கறது, வயசானது-கெட்டதுன்னு மூணாப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, மகசூல் கணக்கு போடறப்ப நடுவுல இருக்கறதால மட்டும் வகுக்கணும், மொத்தத்தால வகுத்தா விவசாயி சோம்பேறின்னு தப்பா முடிவுக்கு வந்துடுவீங்க.

இப்ப காப்பி, இதுலதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். பெரிய எஸ்டேட் முதலாளி இங்க முக்கியமில்ல, ஒரு ஹெக்டேர் ரெண்டு ஹெக்டேர் வச்சிருக்கற குடும்பங்கதான். நிழலுக்கு லம்தோரோ, நம்ம ஊரு சவுண்டல் மரமேதான். அறுவடை பெரும்பாலும் அக்டோபர்ல சூடு பிடிச்சு அடுத்த வருஷம் வரைக்கும் இழுக்கும். செவந்த பழத்தைப் பறிச்சு, மெஷின்ல தோலை உரிச்சு, ராத்திரி ஊற வச்சு, காலையில கழுவி, கொஞ்ச நேரம் வெயில்ல காட்டி, ஓடோட இருக்கறப்பவே வித்துடறாங்க. அந்த ஓட்டோட இருக்கற கொட்டைக்கு கபான்னு பேரு, நெல்லுக்கும் இந்தோனேசிய மொழியில அதே வார்த்தை. வாங்கறவர் தொக்கே, மலேசியாவுல நம்மாளுங்க தவுக்கேன்னு சொல்றாங்கல்ல, அதே வார்த்தைதான்.

தொக்கே அதை ஈரத்தோடயே மெஷின்ல விட்டு ஓட்டை உடைப்பாரு, அப்புறம்தான் முழுசா காய வைப்பாங்க. கொட்டை அப்ப மெத்துனு இருக்கும், நகத்தால அழுத்தினா பள்ளம் விழும், சிலது ஓரத்துல பிளந்து ஆட்டுக் குளம்பு மாதிரி ஆயிடும். காஞ்சதும் நீலம் கலந்த பச்சை நிறம். இதை மட்டமான முறைன்னு சிலர் எழுதறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தினமும் மத்தியானம் மழை பெய்யற மலையில, களம் இல்லாத குடும்பம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், ரெண்டு வாரம் காய வச்சுட்டு உட்கார முடியுமா? ஈரத்துல வித்தா அன்னைக்கே காசு. இந்தக் காப்பியோட தனி ருசியும் பெரும்பாலும் இதுலேர்ந்துதான் வருது.

அதனால விவசாயிகிட்ட பேசறப்ப விலை என்னன்னு எடுத்ததும் கேட்காதீங்க. பழமா விக்கறீங்களா, கபாவா விக்கறீங்களா, எந்த அளவுலன்னு கேளுங்க, ஏன்னா அங்க பம்பு, காலெங்னு படி கணக்குல விப்பாங்க, கிலோ விலையோட அதை நேரா ஒப்பிட முடியாது. கூட்டுறவு சங்கத்துல இருக்காங்களா, யாருகிட்டயாவது முன்பணம் வாங்கியிருக்காங்களான்னும் மெதுவா கேளுங்க, முன்பணம் வாங்கியிருந்தா அவங்களுக்குத்தான் சரக்கு போகும். காப்பியோட நிறுத்திடவும் வேண்டாம், கெத்தோல் பக்கம் கரும்பு, பெகாசிங்ல அன்னாசி, அவகாடோ, ஆரஞ்சு, மிளகாய்னு நிறைய இருக்கு. கெத்தோல் போனா 2013 ஜூலை 2 நிலநடுக்கத்தைப் பத்தி பேச்சு வரும், அங்க அடி பலமா விழுந்துச்சு, அவங்களா பேசினா கேளுங்க, நீங்களா கிளறாதீங்க.

ஃப்ளைட்ல போனா இறங்கற ரெம்பெலே ஏர்போர்ட் பெனெர் மெரியாவுல இருக்கு, அங்கேர்ந்து ரோடு வழியாத்தான் தக்கெங்கோன். வர்ற வழியில ரோட்டோரம் தார்ப்பாய்ல கபா காயறதைப் பார்ப்பீங்க, மேகம் கூடினதும் வீட்ல இருக்கற எல்லாரும் ஓடி வந்து ஒரே நிமிஷத்துல சுருட்டிடுவாங்க, அப்ப வண்டியை ஓரமா நிறுத்தி வழி விடுங்க.