பட்டறையும் பல்கலைக்கழகமும்: வேலையிடக் கற்றலை நாடு கடந்து கூட்டாக ஆராய்வது எப்படி

வேலையிடத்தில் பிள்ளைகள் எப்படித் தொழில் பழகுகிறார்கள் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஆராயப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் கேள்விக்கொத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். திருகோணமலையில் இந்த வேலையைச் செய்யப்போகும் விரிவுரையாளரும் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியரும் முதலில் எழுத வேண்டியது சொற்பட்டியல். அது இல்லாமல் சேர்க்கும் தரவை ஒப்பிடவே முடியாது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை ஆவணங்களில் 'பயிலுநர்'. தமிழ்நாட்டில் 'தொழிற்பழகுநர்', அங்கே அவருக்கென்று 1961 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. 'பயிற்சியாளர்' என்று எழுதினால் பழகுகிறவர் என்று ஒருவர் விளங்கிக்கொள்வார், பழக்குகிறவர் என்று இன்னொருவர். ஆகவே கேள்விக்கொத்தில் அந்தச் சொல்லே வேண்டாம்.

கூட்டாளி ஒரு ஜேர்மன் பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மனியில் பயிலுநர் நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்கிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலையிடம், ஒன்றிரண்டு நாள் தொழிற்பாடசாலை. காலம் பெரும்பாலும் 2 முதல் 3½ ஆண்டு. இறுதிப் பரீட்சையை வர்த்தக, கைவினைச் சபைகள் நடத்தும். இங்கே திருகோணமலைக் கொட்பேயில் போட் எஞ்சின் திருத்தும் பாஸிடம், அதாவது பட்டறையின் மூத்த தொழிலாளியிடம், பழகும் பெடியனுக்கு ஒப்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேசிய தொழில் தகைமைச் (NVQ) சான்றிதழ் எடுக்க வந்தவனாகவும் இருக்கலாம், பாஸின் மருமகனாகவும் இருக்கலாம். இரண்டு நாட்டிலும் "பயிலுநர்" என்று ஒரே பெட்டியில் புள்ளடி போட்டால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: யார் யாரோடு கையெழுத்திடுகிறார், வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வேலையிடத்தில், சம்பளமோ படியோ யார் கொடுப்பது, கடைசியில் யார் மதிப்பிடுகிறார். 15 சொற்கள் போதும். 90 நிமிடச் சூம் கூட்டம் இரண்டில் முடித்துவிடலாம். நேரத்தை இலங்கை நேரத்திலேயே குறியுங்கள்: இங்கே பிற்பகல் 2.00 என்றால் பேர்லினில் குளிர்காலத்தில் காலை 9.30, கோடைகாலத்தில் 10.30. மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்களுடைய மணிக்கூடு மாறும். அடுத்த நாள் திங்கட்கிழமைக் கூட்டம்தான் வழக்கமாகக் குழம்பும்.

அடுத்தது வேலையிடத் தெரிவு. ஆறு இடங்கள் கைக்கு அடக்கமான அளவு: எஞ்சின் பட்டறை இரண்டு, ஹோட்டல் இரண்டு, தொழிற்சாலை இரண்டு. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். நவம்பர், டிசம்பர் மழையில் போனால் பழகுகிற பிள்ளையும் இருக்காது, பழக்க வேலையும் இருக்காது. வெளிநாட்டுக் கூட்டாளி டிசம்பரில் வர விரும்பினால் அந்த மாதத்தைத் தொழிற்சாலைக்கு ஒதுக்குங்கள். நோன்பு மாதம், வெள்ளி ஜும்ஆ நேரம், போயா தினம், ஏப்ரல் புத்தாண்டு எல்லாவற்றையும் நாட்காட்டியில் முன்கூட்டியே அடையாளமிட்டு அனுப்புங்கள்.

இடமொன்றுக்கு நான்கு பேர்: பழகுகிறவர் இருவர், பழக்குகிறவர் ஒருவர், அனுப்பிய நிறுவனத்தின் போதனாசிரியர் ஒருவர். ஆக 24 நேர்காணல். ஒவ்வொன்றும் 45 நிமிடமானால் 18 மணித்தியால ஒலிப்பதிவு. ஒரு மணித்தியாலத்தை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் போகும். அதாவது மொத்தம் நூறு மணித்தியாலம் அளவில். திட்டத்தில் இதற்கு ஒரு கிழமைதான் ஒதுக்கியிருந்தால் கையெழுத்திடாதீர்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும்போதே பகுத்துவிட்டு (எந்தப் பகுதி எதைப் பற்றியது என்று குறித்துவிட்டு), சுருக்கத்தையும் மேற்கோள்களையும் மட்டும் மொழிபெயர்ப்பது நல்லது. பகுப்புத் தொடங்கும்போது இரண்டு நேர்காணல்களை மட்டும் முழுமையாக மொழிபெயர்த்து, இரு நாட்டாரும் தனித்தனியே பகுத்து ஒப்பிட வேண்டும். எங்கே பிரிகிறீர்கள் என்று அப்போதே தெரியவரும்.

இனிக் கேள்விக்கு வருவோம். "உங்களுக்குப் பின்னூட்டம் கிடைக்கிறதா?" என்று கேட்டால் பட்டறைப் பிள்ளை "ஓம்" என்பான், அதற்குமேல் ஒன்றும் வராது. கியர் ஒயில் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வழிந்த ஒயிலை பாஸ் விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டுவார். பால் நிறமாக இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு சொல்லும் பேசாமல் அந்தப் பாடம் முடிந்துவிடும். இதைப் பிடிக்க வேலைத் தாள் வேண்டும். இடப்பக்கம் பத்து வேலைகள்: கியர் ஒயில், பிளக், வோட்டர் பம்ப் இம்பெலர், காபரேட்டர் கழுவுதல் என்று. மேலே நான்கு படிகள்: பார்த்தது, பாஸ் கூட நின்று செய்தது, தனியே செய்தது, இன்னொருவருக்குக் காட்டியது. கட்டத்தில் திகதி மட்டும். இதே தாளை ஜேர்மன் பட்டறையிலும் நிரப்பலாம். எந்தச் சொல்லையும் விட நன்றாக ஒப்பிட வருவது இதுதான்.

பிள்ளையை பாஸுக்கு முன்னால் வைத்துக் கேட்காதீர்கள். "எல்லாம் நல்லாச் சொல்லித்தருவார்" என்ற ஒரே பதில்தான் வரும். கிரைண்டர் ஓடும்போது பதிவும் உதவாது. பத்து மணித் தேநீர் நேரத்தில் வெளியே கூட்டிப்போய், கொலர் மைக் மாட்டிக் கேளுங்கள்.

ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதி இரண்டு நாட்டிலும் வேண்டும், முதல் நேர்காணலுக்கு முன்னரே வேண்டும். தரவு சேர்த்தபின் கேட்டால் தரமாட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையொப்பமும் எடுங்கள். தரவை வெளியே அனுப்பும்போது இங்கே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும், அங்கே 2018 மே முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியையும் (GDPR) பார்க்க வேண்டும். பெயருக்குப் பதில் குறியீடு கொடுத்து, குறியீட்டுத் தாளைத் திருகோணமலையிலேயே பூட்டி வையுங்கள். அதுவும் போதாது. "சீனக்குடாவில் ஒரு மா ஆலை" என்று எழுதினால் பெயரை மறைத்து என்ன பயன்? ஊரில் எல்லாருக்கும் தெரியும். "பெரிய உணவுத் தொழிற்சாலை" என்று எழுதுங்கள், அல்லது பெயரைப் போட எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

புரிந்துணர்வு உடன்படிக்கை நான்கு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. ஆனால் கட்டுரை ஆசிரியர் வரிசை அதில் இருக்க வேண்டும். இங்கே களவேலை, அங்கே எழுத்து என்று பிரித்துவிட்டால் திருகோணமலைப் பெயர் நன்றி கூறும் வரியில்தான் வரும். அது நியாயமில்லை, பகுப்பிலும் எழுத்திலும் இங்குள்ளவர் பங்கை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். பணம் தவணையாக வரும், பிந்தியும் வரும். களச் செலவு முழுவதையும் முதல் தவணையில் கேளுங்கள்.

பட்டறைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் பாஸின் அனுபவத்தையே மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது. விண்ணப்பம் நிரப்ப ஒரு நாள் அவரோடு இருங்கள். கடைசி நேர்காணலிலிருந்து மூன்று மாதத்துக்குள் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்க அறிக்கை, நிரப்பிய வேலைத் தாளின் பிரதியோடு, ஆறு இடங்களுக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.