கால் தரையோடு ஒட்டிக்கொண்டால்: பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வீட்டில் நடைப் பயிற்சி

அப்பாவுக்குப் பார்க்கின்சன், அதாவது மூளையைப் பாதித்து உடல் அசைவைத் தடுமாற வைக்கும் நோய். நேராக நடந்துவிடுவார், நிலைப்படியிலும் திரும்பும் இடத்திலும்தான் கால் நகராது. பிசியோதெரபிஸ்ட் காட்டியதை எங்கள் வீட்டுக்கு ஏற்றபடி செய்து வருகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்த பிறகு ஆரம்பியுங்கள்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி. படுக்கையிலிருந்து சட்டென்று எழுப்பாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம்.

1. டேப். கால் நின்றுபோகும் இடத்தில், நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். தரை வெளிர் நிறமென்றால் கறுப்பு டேப். நடையைத் தானாக ஓட்டும் மூளைப் பகுதி தடுமாறும்போது, கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் எழும்பும்.

2. தாளம். அவர் ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, அதே எண்ணை மெட்ரோனோம் ஆப்பில் (சீராக டிக் டிக் என்று தாளம் தட்டும் ஆப்) வையுங்கள். இலவச ஆப் போதும். பாட்டும் போடலாம், ஆனால் என் ஓட்டு மெட்ரோனோமுக்கே. பாட்டு என்றால் அப்பா நடையை விட்டுவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்துவிடுவார்!

3. திரும்புதல். பொறுமை வேண்டிய இடம் இதுதான். நின்ற இடத்திலேயே சுழன்றால் மேல் உடம்பு திரும்பிவிடும், பாதம் பின்தங்கும், விழுவார். அதனால் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். இடமில்லாத சமையலறையில் தரையைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு ஒரு கால், பக்கத்தில் மற்றது, அப்புறம் ஆறுக்கு. ஒவ்வொரு முறையும் பாதத்தை முழுதாகத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் "காபி குடிச்சாச்சா?" என்றுகூடக் கேட்காதீர்கள். பேச்சும் நடையும் சேர்ந்தால் கால் நின்றுவிடும்.

அப்படியும் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நிற்கட்டும். உடல் எடையை இடமும் வலமுமாக மெல்ல மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி.

மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சியான தாய்ச்சி பற்றியும் கேட்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் ஓரிகனில் 195 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் இருமுறை ஆறு மாதம் தாய்ச்சி செய்தவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது. தசை நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் வீடியோ பார்த்துத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.

பின்சேர்க்கை: தினமும் தரை துடைப்பதால் டேப்பின் ஓரம் பிரிந்து, அதுவே காலைத் தடுக்கியதாக ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். ஓரம் எழும்பியதுமே மாற்றிவிடுங்கள். ரப்பர் செருப்பும் வேண்டாம். குதிகாலில் வார் உள்ளதாக வாங்குங்கள்.